காட்டன் போன வழியில்: முக்கொம்பிலிருந்து தவளேஸ்வரம் வரை

திங்கட்கிழமை, முக்கொம்பு

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் பிறந்து, 1899ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கேயே மறைந்த பொறியாளர். தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்த அவர், பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் காவிரி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய மூன்று ஆறுகளோடு கழித்தார். அவர் கட்டியவற்றைக் கட்டிய வரிசையிலேயே பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பொதுப்பணித் துறையில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற என் அத்தானும் உடன் வருகிறேன் என்றதும், ஆடி கழிந்த கையோடு கிளம்பிவிட்டோம். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிவிட எண்ணம்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் முக்கொம்பு வந்துவிடுகிறது. பூங்காவையும் மீன் வறுவல் கடைகளையும் கடந்து ஆற்றங்கரைக்கு வந்தால், காவிரி இரண்டாகப் பிரியும் இடம் கண்ணெதிரே விரிகிறது. தெற்கே பிரிவது காவிரி. வடக்கே பிரிவது கொள்ளிடம். கொள்ளிடத்தின் பாதை நீளம் குறைந்தது, சரிவும் மிகுந்தது. எனவே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும் ஆற்று நீர் மேலும் மேலும் கொள்ளிடத்தின் பக்கமே சாய்ந்தது. காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரவேண்டிய நிலவரியும் குறைந்தது. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லாமல் காட்டனின் கதையைத் தொடங்குவது சரியாகாது. கருணையால் மட்டும் எந்தக் கம்பெனியும் அணை கட்டவில்லை.

1836ஆம் ஆண்டை ஒட்டிக் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே ஏறத்தாழ 685 மீட்டர் நீளத்தில் தாழ்வான ஒரு சுவரை எழுப்பினார். அதுதான் மேலணை. கோடையில் குறைந்த நீர் முழுவதும் காவிரிக்குத் திரும்ப வேண்டும், வெள்ளக் காலத்தில் உபரி சுவரைத் தாண்டிக் கொள்ளிடத்தில் விழ வேண்டும், மணல் தங்காமல் அடிமதகுகள் வழியே போய்விட வேண்டும் என்பதே ஏற்பாடு. ஏற்பாடு அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. காவிரிக்குள் நீர் மிகுதியாகப் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கவே, 1840களில் காவிரித் தலைப்பிலும் படுகை மட்டத்தில் ஒரு சுவர் கட்ட வேண்டியதாயிற்று. ஆற்றின் ஒரு கையைத் தொட்டால் மறு கை அசையும் என்பதைத் துறையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுப்பார்கள் என்றார் அத்தான்.

2018 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில், இங்கிருந்த 45 மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. இப்போது பக்கத்திலேயே புதிய கதவணை நிற்கிறது. பழைய பாலத்தின் மீது நின்று பார்த்தபோது, தூண்களின் அடியில் இருந்த கருங்கற்களின் இடுக்கில் சுண்ணாம்புக் காரை இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. அத்தான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கட்டடம் நின்னுடுத்து, கதவுதான் போச்சு” என்றார்.

செவ்வாய்க்கிழமை, கல்லணை

கல்லணையைப் பற்றித் தமிழில் எழுதப்படாதது ஒன்றுமில்லை. ஆகவே 329 மீட்டர் நீளத்தையும் கரிகாலன் பெயரையும் கடந்து, காட்டன் இங்கே என்ன பார்த்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

காவிரிப் பாசனப் பொறுப்பு 1820களின் இறுதியில் அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. பாம்பன் நீர்வழியை அளந்துவிட்டு, முதல் பர்மியப் போரில் சண்டையிட்டுத் திரும்பியிருந்த படைப்பொறியாளர் அவர். ஐரோப்பியப் பொறியாளர்கள் அஸ்திவாரம் என்றால் கெட்டித் தரையைத் தேடிப் போவார்கள். இங்கோ எத்தனை தோண்டினாலும் மணல்தான். கல்லணையைக் கட்டியவர்கள் அந்த மணலின் மீது கற்களைக் கொட்டி, அவை தம் பாரத்தால் தாமே அமிழ்ந்து நிலைகொள்ளும்வரை மேலும் மேலும் கொட்டி, மேலே களிமண்ணும் கல்லுமாகக் கட்டி முடித்திருந்தார்கள். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையை இந்த நாட்டாரிடமிருந்தே கற்றோம் என்று காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். சென்னை மாகாணத்துப் பாசன வேலைகள் லாபம் தந்ததற்கே அந்தப் பாடம்தான் காரணம் என்றும் சொன்னார். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் அந்தக் காலத்தில் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது எளிதன்று.

அந்தப் பணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. காட்டன் தீவிரமான சுவிசேஷக் கிறிஸ்தவர். தம் திறமையைத் தமக்குச் சொந்தமாகக் கருதாமல், கணக்குக் கேட்கப்படப்போகும் ஓர் ஒப்படைப்பாகக் கருதியவர். 1830இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றவர், திரும்பும்போது கப்பலை விட்டு மெசப்பொத்தேமியா வழியாகத் தரைமார்க்கமாக வந்தார். பாக்தாதில் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரைச் சந்தித்தார். குரோவ்ஸ் எக்ஸெட்டர் நகரத்துப் பல் மருத்துவர். வருமானத்தையும் வசதியையும் துறந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்து, 1831இல் பாக்தாதைச் சூறையாடிய கொள்ளை நோயில் மனைவியையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தவர். 1833இல் அந்த குரோவ்ஸும் காட்டனும் சேர்ந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். கல்லணையின் அடித்தளத்தைப் படித்ததற்கும் மேலணையைக் கட்டியதற்கும் இடையில் இந்த பாக்தாத் நட்பு இருக்கிறது. பொறியியல் வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டினால் கோதாவரியில் நடந்தவற்றில் பாதி புரியாது.

மாலையில் கல்லணைப் பாலத்தில் ஒரு லஸ்கர், அதாவது மதகுகளைக் கவனிக்கும் பணியாளர், மதகைத் தூக்கும் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அத்தான் துறையின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் எத்தனை கன அடி போகிறது என்று இருவரும் பேசத் தொடங்கிய பிறகு நான் அங்கே வேண்டாத ஆளாகிவிட்டேன்.

புதன்கிழமை, அணைக்கரை

கும்பகோணத்திலிருந்து வடக்கே போகும் சாலை கொள்ளிடத்தைக் கடக்கும் இடமே அணைக்கரை. கொள்ளிடம் இங்கே ஒரு திட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து கூடுவதால், அணையும் வடக்கு, தெற்கு என்று இரண்டு துண்டுகளாக அமைந்திருக்கிறது. நடுத்திட்டில் ஊர். இதுவும் 1836ஆம் ஆண்டைச் சேர்ந்த காட்டன் வேலையே. மேலே தப்பிக் கொள்ளிடத்தில் வந்த நீரையும் கடலுக்கு விடாமல் மறித்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு அனுப்புகிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போகிறது. மயிலாப்பூரில் குழாயைத் திறக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கீழணையைத் தெரியும்!

மேலே பாலத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். நாங்கள் நடந்தே கடந்தோம். ஆற்றில் நீர் கம்மி. கீழ்த்தளக் கற்பாவின் மீது கொக்குகள் மீனுக்குக் காத்து நின்றன. அந்தக் கற்பாவை அத்தான் ‘ஏப்ரன்’ என்றுதான் சொல்கிறார். துறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். மேலிருந்து விழும் நீர் மணலைத் தோண்டிச் சுவரைக் கவிழ்த்துவிடாதபடி காப்பது அதுவே என்பதால், சுவரைவிட அதற்குத்தான் செலவும் கவனமும் அதிகம் என்று விளக்கினார்.

காவிரி வேலைகள் முடிந்தபோது காட்டனின் உடல்நிலை கெட்டிருந்தது. ஓய்வுக்காகக் கடல் கடந்தவர், 1841 அக்டோபரில் எலிசபெத் லியர்மந்த்தை மணந்தார். டாஸ்மேனியாவில் குடியேறியிருந்த குடும்பத்துப் பெண் அவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் டாஸ்மேனியாவிலேயே மூத்த மகள் பிறந்தாள். தாயின் பெயரே அவளுக்கும். அதுவரை கூடாரத்திலும் குதிரை மீதுமாக நாட்களைக் கழித்த மனிதர், முப்பத்தெட்டு வயதில் குடும்பஸ்தரானார். அவர் பிறந்த குடும்பமும் சிறியதன்று. பதினோரு ஆண்மக்களில் பத்தாவது பிள்ளை அவர். ஹியூ, பிரெடெரிக் என்ற இரு சகோதரர்கள் அவரைப் போலவே சென்னைப் பொறியாளர் படையில் பணியாற்றினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கைவிட்டதில்லை என்பது அவர் வாழ்க்கை நெடுகத் தெரிகிறது.

வியாழக்கிழமை, சென்னை

இரவு ரயிலுக்கு நேரம் இருந்ததால் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனோம். 1837இல் செங்குன்றத்திலிருந்து இங்கே சாலை போடக் கல் கொண்டுவர ஓர் இருப்புப்பாதை அமைத்தார்கள். இந்தியாவில் ரயில் ஓடிய முதல் பாதை என்று சொல்லப்படும் அதை அமைத்தவரும் காட்டனே. பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. மீன் மார்க்கெட் வாசனையோடு திரும்பினோம். பிற்காலத்தில் இதே காட்டன், நாட்டுக்கு வேண்டியது ரயில் அன்று, படகும் போகும் பாசனக் கால்வாய்தான் என்று லண்டனில் ஓயாமல் வாதாடினார். ரயிலுக்கு முதலீடு செய்தவர்கள் அவரைச் சும்மா விடவில்லை.

சனிக்கிழமை, தவளேஸ்வரம்

கொவ்வூரைத் தாண்டி ரயில் கோதாவரியின் மீது ஏறியபோது, பெட்டியில் பாதிப்பேர் ஜன்னல் பக்கம் வந்து காசு எறிந்து கும்பிட்டார்கள். ஆறு செம்மண் நிறத்தில் கரை தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. காவிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு கணக்கு. 1986 ஆகஸ்ட் வெள்ளத்தில் தவளேஸ்வரத்தைத் தாண்டி விநாடிக்கு ஏறத்தாழ 35 லட்சம் கன அடி நீர் போயிருக்கிறது.

ராஜமகேந்திரவரத்திலிருந்து ஆட்டோவில் அரை மணிக்குள் தவளேஸ்வரம். இப்போதிருப்பது 1970க்கும் 1982க்கும் இடையே கட்டிய புதிய கதவணை. அதற்குக் காட்டன் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆற்றின் நடுவே தீவுகள் இருப்பதால் அணை நான்கு கைகளாக நீள்கிறது. தவளேஸ்வரம் கையில் 70 கதவுகள், ராலியில் 43, மத்தூரில் 23, விஜ்ஜேஸ்வரத்தில் 39, ஆக மொத்தம் 175. சுவரில் வெள்ள எச்சரிக்கைக்கான அளவுகோல் இருக்கிறது. 11.75 அடியில் முதல் எச்சரிக்கை, 13.75இல் இரண்டாவது, 17.75இல் மூன்றாவது. நாங்கள் போனபோது நீர் முதல் எச்சரிக்கைக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்த எண்களைக் கரையோரத்துச் சிறுவர்கள்கூட மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

1830களில் இந்த டெல்டா பட்ட பாட்டை இன்று பச்சையைப் பார்க்கிறவர் நம்ப மாட்டார். 1833ஆம் ஆண்டின் பெரும் பஞ்சமும், 1839இல் கோரிங்காப் பக்கம் கடல் புகுந்த புயலும், பஞ்சத்துக்கும் தள்ளுபடி செய்யாத வரியும் சேர்ந்து ஊர்களை வெறுமையாக்கின. இத்தனை பெரிய ஆறு பக்கத்திலேயே கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, மக்கள் தண்ணீரில்லாமல் சாவது காட்டனுக்கு நிர்வாகக் குறைபாடாகத் தெரிந்ததைவிடப் பாவமாகவே தெரிந்தது. 1844இல் அவர் கொடுத்த அறிக்கையில் வரவு செலவுக் கணக்கு உண்டு. இத்தனை போட்டால் இத்தனை வரும் என்று கம்பெனிக்குப் புரியும் மொழியில் பேசுவார். கம்பெனியின் பேராசையையும் தம் இரக்கத்தையும் ஒரே நுகத்தில் பூட்டத் தெரிந்ததுதான் அவருடைய உண்மையான சாமர்த்தியம் என்பேன். அத்தான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “மதிப்பீடு போடாத இன்ஜினியர் யாருப்பா? அதுல என்ன சாமர்த்தியம்?” என்றார்.

1847இல் வேலை தொடங்கியது. பன்னிரண்டு அடி உயரச் சுவர்; ஆனால் தீவுகளையும் சேர்த்து அளந்தால் கரைக்குக் கரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர்; அடியில் மணல், மணலின் மீது கல். கல்லணையில் படித்த பாடத்தைப் பன்மடங்கு பெரிதாக்கி எழுதியிருக்கிறார். பக்கத்துக் குன்றிலேயே கல் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். கல் இறக்க இங்கும் ஒரு தண்டவாளம் போட்டார். அந்தக் குன்றின் மீது ஜனார்த்தன சுவாமி கோயில் இருக்கிறது. 1848இல் உடம்பு மறுபடி முறிந்து, ஆர் என்ற கேப்டனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ஆஸ்திரேலியா போனார், 1850இல் திரும்பினார், 1852இல் அணையை முடித்தார்.

வேலைக்குத் திரண்ட பல்லாயிரம் கூலியாட்களிடையே வில்லியம் பவுடன், ஜார்ஜ் பியர் ஆகியோரின் கோதாவரி டெல்டா மிஷன் ஊழியம் செய்தது. அவர்களை 1836இல் இங்கே அழைத்து வந்தவர் குரோவ்ஸ். இந்த டெல்டாவை அவர் கண்ணில் காட்டியதில் காட்டனுக்குப் பங்குண்டு. அணையும் ஊழியமும் காட்டனுக்கு இரண்டு வேலைகளாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளைக் கறாராகக் கடைப்பிடித்தவர் அவர்.

காட்டன் தங்கியிருந்த இடத்தருகே அருங்காட்சியகம் இருக்கிறது. அணையின் மாதிரிகள், பழைய கருவிகள், வரைபடங்கள். குதிரை மீதமர்ந்த சிலைக்கு யாரோ செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். கோதாவரி டெல்டாவின் கோணசீமைப் பகுதியில் பல ஊர் முச்சந்திகளிலும் அவர் சிலை உண்டு. நீராடும்போது இப்பகுதிப் புரோகிதர்கள் சொல்லும் ஒரு சம்ஸ்கிருதச் சுலோகத்தில், கோதாவரி நீராட்டத்தின் புண்ணியத்தை நாள்தோறும் தரும் ஆங்கில நாட்டு பகீரதன் என்று அவர் நினைக்கப்படுகிறார். காலையில் புஷ்கர் துறையில் அதைக் காதால் கேட்டேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காட்டன் இதை விரும்பியிருக்க மாட்டார். தமக்குச் சூட்டும் மாலையை எடுத்தெறிந்து, துதி கடவுளுக்கே உரியது என்று ஒரு வேதவசனத்தைக் காட்டியிருப்பார். ஆனால் நன்றியை எந்த வடிவத்தில் சொல்வது என்று முடிவு செய்வது சோறு கிடைத்தவனின் உரிமை.

ஞாயிற்றுக்கிழமை, கன்னவரம்

விஜயவாடா விமான நிலையத்துக் கன்னவரம் வேறு. இது கோணசீமைக்குள் இருப்பது. தென்னைக்கும் நெல்லுக்கும் நடுவே கால்வாயை ஒட்டியே பேருந்து போகிறது. கோதாவரியின் கிளையான வைநதேய கோதாவரியின் மீது ஒரு கால்வாயையே தூக்கிக் கொண்டுபோக 49 வளைவுகளில் நீர்ப்பாலம் கட்டியவர் லெப்டினன்ட் ஹெய்க். காட்டனின் கீழ் வேலை செய்தவர்களில் மிகக் கெட்டிக்காரர் அவர். குருவைப் போலவே பக்தர். பணி ஓய்வுக்குப் பிறகு முழுநேர ஊழியத்துக்கே போய்விட்டார். இன்று நீர் கொண்டுபோகும் புதிய பாலத்துக்கு டொக்கா சீதம்மாவின் பெயர். வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்ட அந்த ஊர்ப் பெண்மணியின் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது. பாலத்தின் மேல் கால்வாய், கீழே ஆறு. இரண்டு நீரும் குறுக்கு நெடுக்காகப் போவதை அத்தான் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை, திரும்பும் ரயிலில்

காட்டன் 1860இல் பணி ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு சர் பட்டம். பாக்கியிருந்த நாற்பதாண்டு வாழ்வில் எல்லாமே வெற்றியாகிவிடவில்லை. கங்கைக் கால்வாயை அமைத்த காட்லியோடு பொதுவெளியில் கடுமையாக மோதினார். அவருடைய யோசனையை ஒட்டி எழுந்த கர்நூல் கடப்பைக் கால்வாய், முதலீடு செய்த கம்பெனிக்கு நஷ்டத்தையே தந்து, 1882இல் அரசின் கைக்குப் போயிற்று. அந்த நிலத்தின் உழவர்கள் கோதாவரி உழவர்களைப் போலக் கால்வாய் நீரை உடனே வாங்கிக்கொள்வார்கள் என்று கணக்கிட்டதில் பிசகு. ஆறுகளையெல்லாம் இணைக்க வேண்டும் என்ற அவருடைய பெரிய கனவைப் பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. மேலணையில் ஒரு கையைத் தொட்டு மறு கையைச் சரிசெய்யப் பட்டபாட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் அல்லவா?

முதுமையில் சர்ரே மாவட்டத்து டார்க்கிங் என்ற சிற்றூரில் மனைவி மக்களோடு வாழ்ந்தார். ஊழியத்துக்குப் போகிறவர்கள் பேச்சுமொழியைக் காதால் பழகிக் கற்க வேண்டும் என்று, 1876இல் குறுவாக்கியங்களாலான அரபு அரிச்சுவடி ஒன்றை வெளியிட்டார். தோட்டத்தில் ஆழ உழுது கோதுமை பயிரிட்டு, ஒரு சிறு பாத்தியில் எவ்வளவு விளைகிறது என்று அளந்து எழுதிக்கொண்டிருந்தார். மகள் எலிசபெத், குடியில் அழியும் கூலித் தொழிலாளருக்காக அதே ஊரில் காப்பிக் கடை ஒன்றைத் திறந்து வேதபாடமும் நடத்தினார். அவர் 1877இல் அட்மிரல் ஜேம்ஸ் ஹோப்பை மணந்து லேடி ஹோப் ஆனார். தந்தை மறைந்த மறு ஆண்டு, 1900இல், அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பஞ்சங்களைப் பற்றி எழுதிவந்த வில்லியம் டிக்பியும் அதில் ஒரு பகுதி எழுதியிருக்கிறார்.

காட்டனின் வீட்டு வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்தின் வழியாக வருவதுதான். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சார்லஸ் டார்வின் கடைசிக் காலத்தில் பைபிளைப் பிடித்துக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாக 1915இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வெளிவந்த கதைக்குச் சொந்தக்காரரும் இதே லேடி ஹோப். டார்வினின் பிள்ளைகள் அதை அடியோடு மறுத்தார்கள். “அப்ப அப்பாவைப் பத்தி எழுதினது மட்டும் எப்படி நிஜமா இருக்கும்?” என்று அத்தான் மேல் பெர்த்திலிருந்து கேட்டார். அணை, ஆண்டு, அறிக்கை ஆகியவற்றை அரசு ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே மகள் பெரும்பாலும் சரி. ஜெபத்தைப் பற்றியும் குடும்ப மேசையைப் பற்றியும் அவர் சொல்வதை ஒப்பிட வேறு ஆவணம் இல்லை. அவற்றை ஒரு மகள் தன் தகப்பனைப் பற்றிச் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் ஏற்றவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன் என்றேன். அத்தானுக்கு இது திருப்தியாக இல்லை. நெல்லூர் வரை வாதாடிவிட்டு, அடுத்த முறை கர்நூல் பக்கம் சுங்கேசுலா அணைக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் அந்த நஷ்டக் கணக்கையும் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லித் தூங்கப் போனார்.